குன்னூர்க் குளிரில் பேக்கரிக்குள் கரப்பான்: மாதாமாதம் மருந்தடித்தும் ஏன் ஒழியவில்லை?

மலைக்காற்று (கேள்வி):

வணக்கம். குன்னூர் மார்க்கெட் பக்கம் பழைய கல்கட்டடம். கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் வர்க்கி, பன், பிஸ்கட் போடும் அறை. அறை 20-க்கு 15 அடி. விறகு ஓவன் ஒன்று, கரண்ட் ஓவன் ஒன்று, மாவு பிசையும் மெஷின், இரண்டு ஃப்ரிட்ஜ். மாடியில் குடியிருப்பு, பலகைத் தளம்.

மூன்று விதமான பூச்சி கண்ணில் படுகிறது.

ஒன்று, அரை அங்குல நீளத்தில் வெளிர் பழுப்புக் கரப்பான். கரண்ட் ஓவனின் பின்புறம், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், முட்டை அட்டை அடுக்கி வைக்கும் இடம், இங்கெல்லாம் கூட்டமாக. சில நேரம் முழு வெள்ளையாகவும் ஒன்றிரண்டு தெரிகின்றன.

இரண்டு, கட்டைவிரல் நீளத்தில் செம்பழுப்பு நிறம். பாத்திரம் கழுவும் இடத்துச் சாக்கடை ஜாலி வழியாக இரவில் ஏறி வரும். எண்ணிக்கை குறைவு.

மூன்று, மாடி வராந்தாவில் டியூப்லைட் போட்டால் வெளியிலிருந்து பறந்து வந்து விழும் கரப்பான். காலையில் இருக்காது.

மாதம் ஒரு முறை ஆள் வந்து பைரித்ராய்டு மருந்து அடித்துவிட்டுப் போகிறார்கள். மூன்று நான்கு நாள் அடங்கி இருக்கிறது. பிறகு பழையபடி. அடித்த மறுநாளே மாடிச் சமையலறையில் அந்தச் சின்ன வகை தென்படுகிறது. முன்பு மாடியில் அது கிடையாது. வீட்டில் 8 வயதுப் பையனுக்கு ஒரு வருடமாக இரவில் வீசிங்.

கேட்க விரும்புவது: இந்தக் குளிரில் இது எப்படிப் பெருகுகிறது? மருந்து ஏன் பிடிப்பதில்லை? உணவு செய்யும் இடத்தில் வேறு எப்படி ஒழிப்பது? பையனின் மூச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

---

ஆறுகால்:

மூன்று பூச்சிக்கும் மூன்று வழி. ஒரே மருந்தை எல்லாவற்றின் மேலும் அடிப்பதுதான் முதல் கோளாறு. அதனால் முதலில் அடையாளத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

சின்னது பிளாட்டெல்லா ஜெர்மானிக்கா, ஜெர்மன் கரப்பான். நீளம் 10 முதல் 15 மி.மீ. தலைக்குப் பின்னால் இருக்கும் கவசத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் இணையாக ஓடும். ஒன்றைப் பிடித்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள், கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம். இறக்கை இருந்தும் பறக்காது. வெள்ளையாகத் தெரிபவை வேறு இனம் இல்லை. தோல் உரித்த சூட்டோடு வெளியே வந்தவை, சில மணி நேரத்தில் நிறம் ஏறிவிடும். பகலிலேயே வெள்ளைப் பூச்சி தெரிகிறது என்றால் பக்கத்திலேயே பெரிய கூட்டம் வளர்கிறது, ஒளிய இடம் போதவில்லை என்று பொருள்.

பெரியது பெரிப்ளானெட்டா அமெரிக்கானா. 35 முதல் 40 மி.மீ. அதன் வீடு சாக்கடை. உங்கள் அறைக்குள் அது வருவது இரை தேடி மட்டுமே.

மூன்றாவது பெரும்பாலும் காட்டுக் கரப்பானாக இருக்கும். உலகில் 4,500-க்கு மேற்பட்ட கரப்பான் இனங்கள் உண்டு. அவற்றில் மனிதன் வாழும் இடத்தில் தொல்லை தருபவை ஏறக்குறைய 30 மட்டுமே. மீதி எல்லாம் சோலையிலும் தேயிலைத் தோட்டத்துச் சருகிலும் உதிர்ந்த இலையைத் தின்று மண்ணாக்கிக்கொண்டிருப்பவை. வீட்டுக்குள் அவை குடும்பம் நடத்தாது, ஈரச் சருகு இல்லாமல் ஓரிரு நாளில் செத்துப்போகும். தயவுசெய்து அவற்றுக்காக வராந்தாவிலும் தோட்டத்திலும் மருந்து அடிக்காதீர்கள். வெள்ளை விளக்கை எடுத்துவிட்டு மஞ்சள் நிற எல்இடி போட்டால் வரவு வெகுவாகக் குறையும்.

இனி குளிர் பற்றி. ஜெர்மன் கரப்பானுக்குப் பிடித்த வெப்பம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அந்த வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஏறக்குறைய 2 மாதம். 20 டிகிரிப் பக்கம் இறங்கினால் அதே வளர்ச்சிக்குப் பல மாதம் பிடிக்கும். 15-க்குக் கீழே வளர்ச்சி கிட்டத்தட்ட நின்றுபோகும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில், அடுப்பில்லாத ஓர் அறையில் இது பெரிதாகப் பெருக முடியாது. ஆனால் உங்கள் ஓவன் முதுகிலும் ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் பக்கத்திலும் வருடம் முழுக்க மேட்டுப்பாளையத்து வெயில்தான். ஆகவே மொத்தக் கூட்டமும் ஐந்தாறு சூடான இடங்களில் அடைந்து கிடக்கும். சமவெளியில் வீடு முழுக்கத் தேட வேண்டும். இங்கே எங்கே தேடுவது என்பதைக் குளிரே சொல்லிவிடுகிறது. இந்த ஒரு சாதகத்தைப் பயன்படுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த இனம் நம் பக்கத்தது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2024-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று 17 நாடுகளிலிருந்து 281 பூச்சிகளை எடுத்து ஒப்பிட்டது. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மரில் ஆசியக் கரப்பான் என்ற காட்டினத்திலிருந்து இது பிரிந்திருக்கிறது. 1,200 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவுக்கும், பிறகு ஏறக்குறைய 390 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய வணிகக் கப்பல்களோடு கிழக்கே தென்கிழக்காசியாவுக்கும், அதன்பிறகே உலகெங்கும் போயிருக்கிறது. மனிதனின் சூட்டையும் உணவையும் நம்பியே வாழப் பழகிவிட்ட பூச்சி. கட்டடத்துக்கு வெளியே தானாக வாழும் கூட்டம் என்று இதற்கு இன்று எதுவும் இல்லை. ஆகவே உங்களிடம் இருப்பதும் பெட்டியிலோ மூட்டையிலோ பழைய சாமானிலோ ஏறி வந்ததுதான்.

மருந்து ஏன் பிடிப்பதில்லை? மூன்று காரணம்.

முதலாவது, பைரித்ராய்டு வகை மருந்து, அதாவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை, கரப்பானை விரட்டும். சாகாதவை இடுக்கைவிட்டுக் கிளம்பி, மருந்து படாத இடத்துக்குப் போகும். பலகைத் தளத்தின் இடைவெளியும் குழாய் போகும் ஓட்டையும் மாடிக்கு வழி. அடித்த மறுநாளே மாடியில் தெரிவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, முட்டை. பெண் பூச்சி 30 முதல் 40 முட்டை கொண்ட கூட்டை வால்பக்கம் ஒட்டவைத்தபடி, பொரியும் தறுவாய் வரை சுமந்து திரியும். கூட்டுக்குள் இருக்கும் முட்டையை மருந்து எட்டாது. தாய் செத்தாலும் பொரியும் நிலைக்கு வந்த கூடு பொரிந்துவிடும்.

மூன்றாவது, எதிர்ப்புத் திறன். இதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், அது தவறு. 2019-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் குடியிருப்புகளில் 6 மாதம் சோதித்தார்கள். மருந்துகளைச் சுழற்சியாக மாற்றி அடித்தது, இரண்டு மருந்தைக் கலந்து அடித்தது, ஒரே ஜெல்லை (விஷம் கலந்த இரைப் பசை) வைத்தது என மூன்று முறை. கலவை எடுபடவே இல்லை. சுழற்சி, எண்ணிக்கை ஏறாமல் பார்த்துக்கொண்டதோடு சரி. ஒரே தலைமுறையில் எதிர்ப்பு 4 முதல் 6 மடங்கு ஏறிய இடங்கள் உண்டு. இதுவரை தொடாத மருந்துக்கும் சேர்த்தே எதிர்ப்பு வந்திருந்தது. நன்றாக வேலை செய்தது, தொடக்கத்தில் எதிர்ப்பே இல்லாத கூட்டத்துக்கு வைத்த ஜெல்தான். எதிர்ப்பு முன்பே இருந்த இடத்தில் ஜெல்லும் தோற்றது. ஆகவே எந்த ஜெல் என்பதும் முக்கியம்.

ஒரே புகைக்குண்டில் அறை முழுக்க நிரப்பும் முறையையும் அதே 2019-ல் இன்னொரு குழு ஆராய்ந்தது. கரப்பான் குறையவில்லை, தரையிலும் மேடையிலும் மருந்துப் படிவு மட்டும் ஏறியது. உணவு செய்யும் அறையில் அதை நினைக்கவே வேண்டாம். கழுவிவிட்ட மருந்து உங்கள் சாக்கடையில் இறங்கி, குன்னூர் ஆற்று வழியாகப் பவானிக்குத்தான் போகிறது. பைரித்ராய்டு மீனுக்குக் கடும் விஷம்.

---

இடுக்குப்பூட்டு (பூச்சிக் கட்டுப்பாடு, கோத்தகிரி):

ஆறுகால் சார் சொன்னதற்கு மேல் செய்முறையை மட்டும் சொல்கிறேன். மலைக்காற்று அண்ணா, வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

முதலில் ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். ஜெல் வைக்கப்போகும் இடத்தில் பழைய ஸ்ப்ரே படிந்திருந்தால் பூச்சி ஜெல்லைத் தொடாது. அந்த இடங்களைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பொறி. ஒட்டும் அட்டைப் பொறி 12 வாங்கி, ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் எழுதுங்கள். கரண்ட் ஓவன் பின்னால் 2, ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றின் கம்ப்ரஸர் பக்கமும் 1, பிசையும் மெஷின் மோட்டார் கீழே 1, முட்டை அட்டை இடத்தில் 1, சிங்க் கீழே 1, மாவு மூட்டை ஸ்டோரில் 2, கடை முன்பக்கம் 1, மாடிச் சமையலறையில் 2. சுவரும் தரையும் சேரும் மூலையில், சுவரை ஒட்டி வைக்க வேண்டும். அறை நடுவே வைத்தால் எதுவும் விழாது, கரப்பான் ஓரம் பிடித்தே நடக்கும். மூன்று இரவு கழித்து எண்ணி எழுதுங்கள். எந்தப் பொறியில் குஞ்சுகள் அதிகமோ அங்கிருந்து ஓரிரு அடிக்குள்தான் அடைசல். இந்தக் கணக்கு இல்லாமல் மருந்து வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலை.

உறிஞ்சுதல். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஓவனையும் ஃப்ரிட்ஜையும் சுவரிலிருந்து இழுங்கள். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரை மடக்கிப் பாருங்கள், பின்புறத் தகட்டைக் கழற்றுங்கள். பை உள்ள வாக்குவம் கிளீனரில் குறுகிய மூக்கு மாட்டிப் பூச்சி, கூடு, எச்சம் எல்லாவற்றையும் உறிஞ்சுங்கள். அன்றைக்கே கூட்டத்தில் பெரிய பங்கு போய்விடும். பையை உடனே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள், அல்லது சோப்புத் தண்ணீரில் முக்கிவிடுங்கள். அப்படியே குப்பையில் போட்டால் திரும்பி வரும்.

ஜெல். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம், இரண்டும் நம் ஊரில் கிடைக்கும். ஃபிப்ரோனில் ஜெல்லுக்கு ஒரு புள்ளி 0.03 கிராம், ஜெர்மன் கரப்பானுக்குச் சதுர மீட்டருக்கு 1 முதல் 2 புள்ளி. உங்கள் அறை 300 சதுர அடி, அதாவது 28 சதுர மீட்டர். 56 புள்ளி என்றால் மொத்தம் 2 கிராமுக்கும் குறைவு. இந்தப் புள்ளிகளை அறை முழுக்கப் பரப்பாதீர்கள். பொறி காட்டிய இடங்களில் நெருக்கமாக வையுங்கள்: கீல் இடுக்கு, மேசைக்கு அடிப்பக்க மூலை, மெஷின் காலின் உட்புறம், குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை. பெரிய கட்டியாக ஒரே இடத்தில் வைப்பதைவிடச் சின்னப் புள்ளிகள் பல இடங்களில் வைப்பதே சரி. 3 நாளில் தின்று தீர்த்த இடத்தில் மட்டும் திரும்ப வையுங்கள்.

பேக்கரியில் ஜெல் தோற்பதற்குக் காரணங்கள் சில உண்டு. மாவுத் தூசி ஜெல் மேல் படிந்து மூடிவிடும். ஓவன் முதுகில் நேராக வைத்தால் ஓரிரு நாளில் காய்ந்து கல்லாகிவிடும். நெய், டால்டா படிந்த பரப்பில் ஒட்டாது. இதற்கெல்லாம் ஒரே வழி: தடித்த ஸ்ட்ராவை 3 செ.மீ. துண்டாக வெட்டி, உள்ளே ஜெல் விட்டு, துண்டை இடுக்கில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். தூசி படாது, காய்வது தாமதமாகும், எடுத்துப் பார்க்கவும் சுலபம். உணவுப் பொருள் மேல் விழும் உயரத்தில் எங்கும் வைக்கக் கூடாது.

வெளியே தின்ன வேறு இருந்தால் ஜெல் பக்கம் வராது. ராத்திரி கடை மூடும்போது மாவுச் சிதறல், டிரேயில் ஒட்டிய சர்க்கரை, குப்பைக்கூடை மூன்றும் சுத்தம். சிங்க் சொட்டுவதை நிறுத்துங்கள். தண்ணீர் மட்டும் கிடைத்தால் இந்தப் பூச்சி தீனியில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும். தண்ணீரும் இல்லையென்றால் ஏறக்குறைய இரண்டு வாரம்தான்.

நாட்கணக்கு. இங்கேதான் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரத்தில் பொறி எண்ணிக்கை சடாரென இறங்கும். முட்டைக்கூடு சுமக்கும் பெண் அந்த மூன்று நான்கு வாரமும் அதிகம் தின்னாது, ஒளிந்தே கிடக்கும். ஆகவே நான்காவது, ஐந்தாவது வாரத்தில் எறும்பளவு குஞ்சுகள் திடீரெனத் தெரியும். உடனே "ஜெல் வேலை செய்யவில்லை" என்று ஸ்ப்ரேகாரரைக் கூப்பிட்டால் மொத்தமும் பாழ். அந்த வாரத்தில் செய்ய வேண்டியது புது ஜெல் வைப்பதுதான். 0, 14, 30, 60-ஆம் நாள் என நான்கு முறை பார்வை வையுங்கள். தொடர்ந்து மூன்று பார்வையில் எல்லாப் பொறியும் காலி என்றால் முடிந்தது. இரண்டாம் பார்வையில் எண்ணிக்கை இறங்கவே இல்லையென்றால் ஜெல்லை மாற்றுங்கள். அதே மருந்தின் வேறு பிராண்டுக்குப் போய்ப் பயனில்லை, வேறு விதமாக வேலை செய்யும் மருந்து வேண்டும்: ஃபிப்ரோனில் என்றால் அடுத்து இமிடாகுளோபிரிட் அல்லது இண்டாக்ஸாகார்ப்.

பெரிய கரப்பான். அதற்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். ஜாலியைத் தூக்கி, கீழே இருக்கும் டிராப்பில் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) 5 செ.மீ. தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். காய்ந்த டிராப்தான் வாசல். பயன்படுத்தாத ஜாலியில் வாரம் ஒரு முறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஜாலிக்கு அடியில் 2 மி.மீ. கண்ணி உள்ள ஸ்டீல் வலை பொருத்துங்கள். வளர்ந்த அமெரிக்கக் கரப்பானே 3 மி.மீ. இடைவெளியில் உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும் என்று சோதனையில் காட்டியிருக்கிறார்கள். கதவடியில் பிரஷ் பட்டை, குழாய் ஓட்டைக்கு சிமெண்ட்.

ஒன்று மறக்க வேண்டாம். உணவு உரிமம் உள்ள இடம் என்றால் 2011 விதிமுறைகளின் நான்காம் அட்டவணைப்படி பூச்சிக் கட்டுப்பாடு கட்டாயம். யார் வந்தது, எந்த மருந்து, எங்கே, எவ்வளவு என்ற பதிவேடு வைத்திருங்கள், பொறிக் கணக்கையும் அதிலேயே எழுதலாம். யாராவது டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்துங்கள். அது 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை.

---

மலைக்காற்று:

ரொம்ப நன்றி சார், நன்றி தம்பி. மூன்று சந்தேகம். போரிக் பவுடர் உருண்டை வைக்கலாமா? மாடிக்கு வந்துவிட்ட சின்ன டிவி பெட்டியை ராத்திரி பனியில் வெளியே வைத்தால் உள்ளே இருப்பது செத்துவிடுமா? சாக்பீஸ் கோடு போட்டால் மாடிக்கு ஏறாமல் தடுக்குமா?

---

ஆறுகால்:

சாக்பீஸில் இருப்பதும் பைரித்ராய்டுதான். எதிர்ப்பு வந்த கூட்டத்தை அது தடுக்காது. குழந்தை கையில் சாக்பீஸ் என்றாலே விளையாட்டுப் பொருள், அந்தக் காரணத்துக்காகவே அது வீட்டில் வேண்டாம். மின்சாரத்தில் மாட்டும் அல்ட்ராசோனிக் கருவியும் பயனற்றது.

பனியில் வைப்பது உதவாது. 5 டிகிரியில் ஓர் இரவு இருந்தால் பூச்சி விறைத்துக் கிடக்கும், சூடு பட்டதும் எழுந்து நடக்கும். சிறிய சாமானை உறையில் சுற்றி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 3 நாள் வைத்தால் முட்டையோடு சாகும். எடுத்தபின் உறையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே படியும். டிவியை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். பின்மூடியைக் கழற்றி உறிஞ்சிவிட்டு, அதன் ஸ்டாண்ட் பக்கத்தில் இரண்டு ஸ்ட்ரா துண்டு ஜெல் வையுங்கள், போதும்.

போரிக் அமிலம் நல்ல மருந்து. வயிற்றுக்குள் போய் மெதுவாகக் கொல்வது, அதற்கு எதிர்ப்பு வருவதும் அரிது. கெடுவது கைப்பக்குவத்தில். தூளாகப் போடுவதென்றால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மெல்லிய படிவாக இருக்க வேண்டும். குவித்தால் சுற்றிக்கொண்டு போய்விடும். ஜூன் முதல் டிசம்பர் வரை நம் மலையில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும், ஈரம் பட்ட தூள் கட்டிப்பட்டுப் பயனற்றுப் போகும். ஆகவே உலர்ந்த சுவர்ப் பொந்துக்குள் மட்டும்.

மைதாவில் பாதிக்குப் பாதி போரிக் கலந்து உருட்டும் வழக்கம் இருக்கிறது. அந்த அளவில் பூச்சி தின்னத் தயங்கும், மழைக்காலத்தில் உருண்டை பூசணம் பிடிக்கும். தண்ணீரில் கரைப்பது மேல். 1 லிட்டர் தண்ணீர், 100 கிராம் சர்க்கரை, 10 கிராம் போரிக் அமிலம். இந்த 1 சதவீதக் கரைசலைப் பஞ்சில் நனைத்து, மூடியில் துளையிட்ட சிறு டப்பாவுக்குள் வையுங்கள். மற்ற தண்ணீரை அடைத்துவிட்டால் தாகத்துக்கே தேடி வரும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். டப்பா மேல் "விஷம்" என்று எழுதி, பையனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பேக்கரி அறைக்குள் வேண்டாம், மாடிக்கு மட்டும். சர்க்கரையோடு குழப்பிக்கொள்ளும் ஆபத்து அங்கே அதிகம்.

இனிப்பு பற்றி இன்னொரு விஷயம். 1990-களிலேயே குளுக்கோஸ் கலந்த இரையைத் தொடாத ஜெர்மன் கரப்பான் கூட்டங்களைக் கண்டறிந்தார்கள். 2013-ல் காரணமும் தெரிந்தது: அவற்றின் வாயில் கசப்பை உணரும் நரம்பையே குளுக்கோஸ் தூண்டுகிறது. இனிப்பு இரையில் விஷம் வைத்து வைத்து, இனிப்பை வெறுப்பவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது நாம்தான். சர்க்கரைக் கரைசலைச் சீண்டவே இல்லையென்றால் உங்கள் கூட்டமும் அந்த ரகமாக இருக்கலாம், ஜெல்லுக்கே வந்துவிடுங்கள்.

---

நெஞ்சுக்கூடு (மருத்துவர், ஊட்டி):

மூச்சுக் கேள்விக்கு என் பங்கு.

கரப்பானின் எச்சம், எச்சில், உரித்த தோல், செத்த உடல் எல்லாவற்றிலும் ஒவ்வாமை தரும் புரதங்கள் உண்டு. 1997-ல் அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். 36.8 சதவீதத்தினருக்குக் கரப்பான் ஒவ்வாமை இருந்தது. படுக்கையறைத் தூசியில் பாதி வீடுகளில் அந்தப் புரதம் அதிகம். ஒவ்வாமையும் அதிகத் தூசியும் சேர்ந்த குழந்தைகள் வருடத்துக்குச் சராசரி 0.37 முறை மருத்துவமனையில் சேர்ந்தார்கள், மற்றவர்கள் 0.11 முறை. மூன்று மடங்குக்கு மேல். 2017-ல் நியூ ஆர்லியன்ஸில் 102 குழந்தைகளின் வீடுகளில் நடந்த ஆய்வில், கரப்பான் இரை வைத்த வீடுகளில் பூச்சியும் குறைந்தது, குழந்தைகளின் ஆஸ்துமாத் தொல்லையும் குறைந்தது. இடுக்குப்பூட்டு சொன்ன ஜெல் முறை பையனின் நுரையீரலுக்கும் மருந்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மலையில் வீசிங் என்றதும் கரப்பான் மேலேயே பழியைப் போட்டுவிடக் கூடாது. ஈரமும் குளிரும் மூடிய ஜன்னலும் சேர்ந்த வீட்டில் தூசிச் சிற்றுண்ணியும் பூசணமும் மிகுதி. விறகுப் புகை கீழிருந்து பலகை இடுக்கில் ஏறுகிறதா என்றும் பாருங்கள். தோல் குத்துப் பரிசோதனையில் கரப்பான், சிற்றுண்ணி, பூசணம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரப்பானுக்கும் சிற்றுண்ணிக்கும் இறாலுக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம் பொது. அதனால் ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு மற்றதிலும் பரிசோதனை நேர்மறையாக வரலாம், முடிவை மருத்துவரே சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கிடையில் பையனின் இன்ஹேலரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பூச்சி போனாலும் புரதம் பல மாதம் தூசியில் இருக்கும். அது கனமான துகளோடு ஒட்டியிருப்பதால் சும்மா இருக்கையில் தரையில் படிந்து கிடக்கும், விளக்குமாற்றால் வாரினால் காற்றில் ஏறும். எனவே உலர்வாரல் வேண்டாம், ஈரத்துணியில் சோப்பு போட்டுத் துடையுங்கள். பலகைத் தளத்தின் இடுக்குகளை ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். ரஜாய், கம்பளி, தலையணை உறையை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், வெந்நீர் தாங்காத கம்பளியைச் சலவைக்குக் கொடுங்கள். சுத்தம் செய்யும் நாளில் பையனை அந்த அறையில் வைத்திருக்க வேண்டாம், செய்பவர் முகமூடி போட்டுக்கொள்ளட்டும்.

நோய்க் கிருமி விஷயத்தில் அளவாகச் சொல்ல வேண்டும். சால்மொனெல்லா, ஷிகெல்லா, ஈ.கோலை, அமீபாக் கூடுகள் எல்லாம் கரப்பானின் காலிலும் குடலிலும் கண்டெடுக்கப்பட்டவை. சாக்கடையில் நடந்த பூச்சி மாவு மேசையில் நடந்தால் கிருமி இடம் மாறும், இதைச் சோதனைக் கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட வயிற்றுப்போக்குக்குக் கரப்பானே காரணம் என்று நிறுவுவது கடினம். ஒவ்வாமைக்கான ஆதாரம் அதைவிடப் பல மடங்கு உறுதியானது. உங்கள் கடையில் கிருமி வகையில் அதிக ஆபத்து, எண்ணிக்கை குறைவு என்று நீங்கள் எழுதிய அந்தச் சாக்கடைக் கரப்பான்தான். ஜாலி வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இடுக்குப்பூட்டிடம் ஒரு கேள்வி: ஜெல் வைத்தபின் எச்சத்தை எப்போது துடைக்கலாம்? என் நோயாளிகளுக்கு உடனே துடைக்கச் சொல்கிறேன்.

---

இடுக்குப்பூட்டு:

டாக்டர், ஒளிவிடத்துக்குள் மட்டும் இரண்டு வாரம் விடுங்கள். ஜெல் தின்ற பூச்சி இடுக்குக்குள் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் உடலையும் குஞ்சுகள் தின்று அவையும் சாகும். வெளியே வராத குஞ்சுகளை மருந்து எட்டும் வழி அது ஒன்றுதான். வெளியில் தெரியும் தரை, மேடை, படுக்கையறை எல்லாம் முதல் நாளிலிருந்தே துடைக்கலாம். 14-ஆம் நாளுக்குப் பிறகு இடுக்கையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். எச்சத்தின் வாசனையே மற்றவற்றை அங்கே கூட்டும், விட்டுவைத்தால் புதிதாக வரும் பூச்சியும் அதே மூலையில் குடியேறும். கழுவியபின் புது ஜெல்.

---

நெஞ்சுக்கூடு:

சரி, படுக்கையறை முதல் நாளே, ஓவன் இடுக்கு இரண்டு வாரம் கழித்து. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இடுக்கு வேலையை மட்டும் பையன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஏரிச்சாலை (விடுதி பராமரிப்பு, கொடைக்கானல்):

எல்லாம் சொல்லிவிட்டார்கள், உள்ளே வரும் வழியை மட்டும் சேர்க்கிறேன்.

முட்டை அட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆய்வுக்கூடங்களில் கரப்பானை வளர்ப்பதற்கே அந்தக் காகிதக்கூழ் அட்டையைத்தான் உள்ளே வைப்பார்கள், அதற்கு அவ்வளவு பொருத்தமான வீடு. முட்டை வந்த அன்றே பிளாஸ்டிக் டிரேக்கு மாற்றிவிட்டு, அட்டையை அதே வண்டியில் திருப்பி அனுப்புங்கள். ஈஸ்ட், மார்கரின், எசன்ஸ் வரும் அட்டைப்பெட்டியும் அப்படியே: வாசலில் பிரித்து, சாமானை மட்டும் உள்ளே எடுங்கள். நெளி அட்டையின் குழலுக்குள் குஞ்சு தாராளமாக உட்காரும்.

மாவு மூட்டையைத் தரையிலிருந்து ஓர் அடி உயரம், சுவரிலிருந்து அரை அடி தள்ளி ஸ்டாண்டில் வையுங்கள். பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க இடம் வேண்டும். ஏப்ரல் சீசனுக்கு முன் பழைய ஃப்ரிட்ஜ், பழைய ஓவன் வாங்கும் வழக்கம் நம் இரண்டு மலையிலும் உண்டு. வாங்கியதை உடனே உள்ளே ஏற்றாமல், ஷெட்டில் ஒட்டும் பொறி இரண்டு வைத்து ஒரு வாரம் ஓடவிடுங்கள். ஓடினால்தான் மோட்டார் சூடாகி உள்ளே இருப்பது வெளியே வரும், நிறுத்தி வைத்தால் தெரியாது.

உங்கள் ஊரில் விறகு ஓவன் வாரம் ஒரு நாள் அணைப்பீர்கள்தானே? அந்த இரவுதான் பொறி எண்ணச் சரியான இரவு. ஓவன் ஆறியதும் கல்லிடுக்கில் இருப்பவை சூடு தேடிக் கரண்ட் ஓவன், ஃப்ரிட்ஜ் பக்கம் நகரும். கல்லிடுக்குக்குள் கிடந்ததை எண்ண வேறு வழியில்லை.

---

மலைக்காற்று:

ஞாயிறு இரவு அணைப்போம். இந்த ஞாயிறே 12 பொறியும் வைத்துவிடுகிறேன். ஸ்ப்ரேகாரரை இந்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. முட்டை அட்டை இன்றைக்கே வண்டியில் திரும்பிவிட்டது. ஒன்று மட்டும்: விறகு ஓவனின் கல்லிடுக்கை அடைக்கச் சிலிகான் போடலாமா, சூடு தாங்குமா?

---

இடுக்குப்பூட்டு:

சாதாரண சிலிகான் வேண்டாம் அண்ணா, கருகி நாறும். ஓவன் முகப்புக்குச் சூளைச் செங்கலுக்குப் பூசும் ஃபயர் சிமெண்ட். சூடு எட்டாத சுவர்ப்பக்கம் சாதாரண சிமெண்ட் பால். அடைப்பதை 60-ஆம் நாள் பார்வைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி உள்ளே இருக்கும்போது அடைத்தால் பின்பக்கம் வேறு வழி தேடிக்கொண்டு மாடிக்குத்தான் ஏறும். ஞாயிறு எண்ணிக்கையைத் திங்கட்கிழமை பொறி வாரியாக இங்கே போடுங்கள், ஜெல் எங்கெங்கே எத்தனை புள்ளி என்று அதை வைத்துச் சொல்கிறேன்.